தெருவில் மிச்சமிருந்த ஒரு வாக்கு

லானின் கைபேசி ஓவர்லாக் மெஷினுக்குப் பக்கத்தில், நூல்கட்டைப் பெட்டியில் சாய்ந்தபடி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை பத்தேகால். கடையின் இரும்புக் கதவை நான் அப்போதுதான் தூக்கிவிட்டு, உறைந்த கையை ஹீட்டரில் காட்டிக்கொண்டு நின்றேன். போன் அடித்தது. லான் திரையைப் பார்த்தாள். மெஷின் மிதியிலிருந்து காலை எடுத்தாள். ஆனால் போனை எடுக்கவில்லை.

"ஆரடி?" என்றேன்.

"ஊரில எங்கட தெருத் தலைவி, அக்கா."

போன் நின்றது. உடனே திரும்பவும் அடித்தது. லான் கையைப் பாவாடையில் துடைத்தாள். அவளுடைய கையில் துடைக்க ஒன்றும் இருக்கவில்லை.

ஒரு தெருவுக்குத் தலைவி என்று ஒருத்தி இருப்பாள் என்பதே லான் சொல்லித்தான் எனக்குத் தெரியும். லண்டன் ஈஸ்ட் ஹாமில் எங்கள் தெருவுக்கும் ஒருத்தி இருந்தால் முதலில் அந்தக் குப்பைப் பைகளை எடுப்பிக்கலாம் என்று நான் பகிடி விட்டிருக்கிறேன். அன்றைக்குப் பகிடி வரவில்லை. மூன்றாம் தரம் அடித்தபோது லான் எடுத்தாள்.

அன்பான குரல்

போனில் வந்த குரல் எனக்கும் கேட்டது. கோபமே இல்லாத குரல். ஊசி போட முதல் நர்ஸ்மார் கதைப்பார்களே, அப்படி. அந்த மனுசி உண்மையிலேயே இளைப்பாறிய நர்ஸ்தானாம். லானின் வீட்டிலிருந்து மூன்றாவது வீடு. சின்ன வயதில் லானுக்குத் தடுப்பூசி போட்டதும் அவதானாம்.

லான் "வாங், வாங்" என்றுகொண்டிருந்தாள். வியட்நாமில், அவள் பிறந்த வடக்குப் பக்கத்தில், பெரியவர்களுக்குச் சொல்கிற மரியாதையான 'ஓம்' அதுதான். நான் எண்ணவில்லை, ஆனால் பதினைந்து இருபது 'வாங்' போயிருக்கும். பேசி முடித்ததும் போனைக் குப்புறக் கவிழ்த்து வைத்தாள்.

"அக்கா, இண்டைக்கு எங்கட நாட்டில பாராளுமன்றத் தேர்தல். அங்க பின்னேரம் ஏழு மணிக்கு முடியும். இங்க பன்னிரண்டு. எங்கட தெருவில எல்லாரும் போட்டாச்சு. அப்பா மட்டும் போடேல்லை. நீதான் மகளே அவரோட கதைக்கவேணும் எண்டு தலைவி சொல்லுறா. தெருவில எங்கட வீடு ஒண்டுதானாம் மிச்சம்."

"போடாட்டில் என்ன செய்வினம்?"

"ஒண்டும் செய்யமாட்டினம். செவ்வாய்க்கிழமை துவானின்ர விசயம் கூட்டத்துக்கு வருது, உங்கட வீட்டைப் பற்றி நல்லதாச் சொல்லத்தான் எனக்கு விருப்பம் எண்டு சொன்னா."

"அப்ப வெருட்டுறா."

"இல்லை அக்கா. அன்பாத்தான் சொன்னா."

வெருட்டுகிறவனோடு சண்டை பிடிக்கலாம். அன்பாகச் சொல்கிறவளோடு என்னத்தைப் பிடிப்பது?

துவான் லானின் ஒரே தம்பி. அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் பௌதிகம் படிப்பிக்கிறவன். இரண்டு மாதமாக வகுப்புக்குப் போகவில்லை. போகவேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். அவனைத் திரும்ப எடுப்பதா விடுவதா என்பதுதான் அந்தச் செவ்வாய்க்கிழமைக் கூட்டம். அங்கே தெருத் தலைவியின் சொல்லையும் கேட்பார்களாம். சுவர் மணிக்கூட்டைப் பார்த்தேன். பத்தரை. ஒன்றரை மணித்தியாலம் இருந்தது.

லான் எப்படி என் கடைக்கு வந்தாள்

இதை வாசிக்கிறவர்களுக்கு ஒரு கேள்வி வந்திருக்கும். வியட்நாம்காரி எப்படி யாழ்ப்பாணத் தமிழ் கதைக்கிறாள் என்று. சொல்லத்தான் வேண்டும்.

சில வருஷங்களுக்கு முன்னால் என் சாறிச் சட்டைக் கடையின் கண்ணாடியில் 'தையல் தெரிந்தவர் தேவை' என்று தமிழில் எழுதி ஒட்டியிருந்தேன். அதை ஒரு வரி வாசிக்கத் தெரியாதவள் உள்ளே வந்தாள். கையால் மெஷினைக் காட்டினாள், தன்னைக் காட்டினாள். பக்கத்துத் தெருவில் நகத்துக்குச் சாயம் பூசுகிற கடையில் வேலை செய்தவள், மருந்து மணம் ஒத்துக்கொள்ளாமல் விட்டிருக்கிறாள். நான் இரண்டு தரம் தைத்தும் இழுபட்ட ஒரு கைக்குழியைக் கொடுத்தேன். பிரித்துப் பத்து நிமிஷத்தில் தைத்துத் தந்தாள். எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான். ஆனால் விடுவேனா?

அன்றிலிருந்து காலை முதல் மாலை வரை என் வாயையும் வாடிக்கையாளர் வாயையும் கேட்டுக் கேட்டு வந்த தமிழ் அது. இந்தியத் தமிழ்ப் பெண்கள் அளவு கொடுக்க வந்தால் அவள் "ஓம், கையைத் தூக்குங்கோ" என்பாள். அவர்கள் திரும்பி என்னைப் பார்ப்பார்கள். நூல் அறுந்தால் "கோதாரி" என்று ஏசுவாள். அதுவும் என்னிடம் பழகியதுதான், மறுக்கமாட்டேன்.

ஒரு கட்சி, ஐந்து பெயர்

தேர்தலுக்கு ஒரு மாதம் முன்பு, ஒரு கலியாண வீட்டுச் சட்டைகளுக்குக் கொக்கி தைத்துக்கொண்டு இருந்தபோது இந்தக் கதை முதலில் வந்தது.

"ஒரு கட்சிதானே இருக்கு. பேந்தென்ன தேர்தல்?" என்று கேட்டேன்.

"கட்சி ஒண்டு அக்கா. ஆக்கள் கனபேர்."

வாக்குச்சீட்டில் ஐந்து பெயர் இருக்குமாம். மூன்று பேரைத் தெரிவுசெய்ய வேண்டும். ஆனால் வேண்டியவனுக்கு நேரே ஒன்றும் போடக்கூடாது. வேண்டாத இரண்டு பேரின் பெயரைக் கோடு கிழித்து வெட்டவேண்டும். வெட்டாமல் விட்டவர்களுக்கு வாக்கு. நான் பிடித்தவனுக்கு நேரே புள்ளடி போட்டுப் பழகினவள். பிடிக்காதவனை வெட்டச் சொன்னால் எனக்கு அந்தத் தாள் காணாது என்றேன். லான் விழுந்து விழுந்து சிரித்தாள்.

பிறகுதான் துவானின் கதையைச் சொன்னாள். அந்த நாட்டுச் சட்டப்படி, கட்சி நிறுத்தாவிட்டாலும், யாரும் தன் பெயரைத் தானே கொடுக்கலாமாம். சட்டத்தில் இருக்கிறது, ஆனால் கனபேர் அதைத் தொடுவதில்லை. துவான் தொட்டான். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஓடுகிற வாய்க்கால் கறுத்து நாறிப் பிள்ளைகள் சத்தி எடுக்கிறார்கள், கடிதம் எழுதிக் களைத்துவிட்டேன், பாராளுமன்றத்துக்கே போய்க் கேட்கிறேன் என்று பெயரைக் கொடுத்தான்.

பெயர் வாக்குச்சீட்டுக்குப் போக முதல் தெருச் சனத்தைக் கூட்டுவார்களாம். இந்த ஆள் தகுதியா என்று கேட்பார்கள். துவானின் கூட்டத்தில் ஒவ்வொருவராக எழுந்து, மோட்டார் சைக்கிளை வேகமாக ஓடுகிறவன், பெரியவர்களுக்குத் தலை வணங்காதவன் என்று சொன்னார்கள். தகுதியில்லை என்கிறவர்கள் கையைத் தூக்குங்கள் என்றபோது மண்டபம் முழுக்கக் கை. லானின் அம்மாவும் தூக்கினா. பக்கத்தில் இருந்தவள் திரும்பிப் பார்த்தாளாம், கை தானாக எழும்பிவிட்டதாம். தூக்காத ஒரே ஆள் அப்பா. இரண்டு கையையும் முழங்காலில் வைத்தபடி இருந்தாராம்.

துவானின் பெயர் போய்விட்டது. அடுத்த கிழமை பள்ளிக்கூடம் அவனைக் கொஞ்ச நாள் வீட்டில் ஓய்வெடுக்கச் சொன்னது.

லானின் அப்பா ஒரு சின்ன ரயில் நிலையத்தில் அதிபராக இருந்து இளைப்பாறியவர். வழமையாகத் தேர்தலன்று அம்மா வீட்டிலிருக்கிற எல்லாருடைய வாக்காளர் அட்டையையும் பையில் போட்டுக்கொண்டு போய் எல்லாருக்குமாகப் போட்டுவிட்டு, வருகிற வழியில் மரக்கறி வாங்கிக்கொண்டு வருவாவாம். சட்டம் விடாது, தெரு கண்டுகொள்ளாது. இந்த முறை அப்பா தன் அட்டையை அலுமாரி லாச்சியில் வைத்துவிட்டு, "இதை ஒருத்தரும் தொடப்படாது" என்று சொல்லியிருக்கிறார். வேறொன்றும் சொல்லவில்லையாம்.

எங்களுடைய விரல்களும் வாக்குகளும்

எனக்குத் தேர்தல் என்றாலே ஒரு விரல்தான் ஞாபகம் வரும். என் அப்பாவின் இடக்கைச் சுட்டுவிரல்.

யாழ்ப்பாணத்தில், சண்டைக் காலத்தில், ஒரு தேர்தல். எது என்று கேட்காதீர்கள், எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று கலந்துவிட்டன. ஒரு பக்கம் சுவரொட்டி ஒட்டியது, மை பூசின விரல் கையில் இராது என்று. மற்றப் பக்கம் சோதனைச்சாவடியில் மறித்துக் கையை நீட்டச் சொல்லும், மை இல்லாவிட்டால் ஏன் போகவில்லை என்று கேட்கும். அப்பா விடிய முதல் ஆளாகப் போய்ப் போட்டுவிட்டு வந்து, பப்பாசிப் பாலும் தேசிக்காயும் வைத்து விரலைத் தேய்த்தார். தோல் உரிந்ததே தவிர, நகத்தடியில் நீலம் போகவில்லை. அம்மா துணியால் கட்டினா. கட்டின விரலைப் பார்த்தால் இன்னும் சந்தேகம் வரும் என்று அண்ணை சொன்னான். ஒரு கிழமை அப்பா இடக்கையைப் பொக்கெற்றுக்குள் வைத்துக்கொண்டே சைக்கிள் ஓடினார். அந்தக் கிழமை முழுக்க எங்கள் வீட்டில் ஒருவரும் நிம்மதியாகச் சாப்பிடவில்லை.

பிறகு நான் ஜெர்மனியில் இருந்த காலத்தில், மேல்மாடியில் அந்த நாட்டின் பழைய கிழக்குப் பக்கத்தைச் சேர்ந்த ஒருத்தி இருந்தாள். அங்கே வாக்குச்சீட்டைக் கையில் தருவார்கள், மடித்துப் பெட்டியில் போடவேண்டியதுதான் என்பாள். மறைப்புக்குள் போய்ப் பென்சிலை எடுத்தால், வாசலில் இருக்கிறவன் பெயரைக் குறித்துக்கொள்வானாம். அதனால் தன் தாய் இருபது வருஷம் சீட்டை வாசிக்காமலே மடித்தாள் என்றாள். அப்போது நான் அதைக் கேட்டுச் சிரித்தேன். ஏன் சிரித்தேன் என்று இப்போது தெரியவில்லை.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் அன்றைக்கு நான் செய்தது விளங்காது. எனக்கு இருபது வயதிருக்கும். கனடா போய்விட்ட சின்னம்மாவின் வாக்கை நான் போட்டேன். மேசையில் இருந்தவர் எனக்குப் படிப்பித்த மாஸ்டர். பெயரைக் கேட்டார், சின்னம்மாவின் பெயரைச் சொன்னேன், அவர் குனிந்து அடையாளம் போட்டார். கள்ள வாக்கு என்றுதான் அதற்குப் பெயர். ஆனால் எங்கள் வீட்டில் ஒருவரும் அதைப் பாவமாக எடுக்கவில்லை. ஆள் இல்லாத வீட்டுக்கு வந்த பார்சலைப் பக்கத்து வீட்டார் கையெழுத்து வைத்து வாங்குவதில்லையா, அந்த மாதிரி. இன்னொருவருடைய வாக்கைப் போடுவது எங்களில் கனபேருக்கு அவ்வளவுதான்.

பதினொரு மணி

லான் அப்பாவுக்கு எடுத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, அவர் எடுக்கவில்லை. அம்மாவுக்கு எடுத்தாள். அப்பா போனை மேசையில் விட்டுவிட்டுத் தெரு முடக்கில் இருக்கிற தேத்தண்ணிக் கடைக்குப் போய்விட்டார் என்று அம்மா சொன்னா. தெருவில் ஒலிபெருக்கி பாடிக்கொண்டிருந்தது எங்களுக்கும் கேட்டது. துவானுக்கு எடுத்தாள். அவன் காலையிலேயே தன் வாக்கைப் போட்டுவிட்டான். "அப்பாவை விடு அக்கா. என்ர விசயத்தை நான் பாக்கிறன்" என்றான்.

"எப்பிடிப் பாப்பான்?" என்று லான் என்னைக் கேட்டாள். "வாத்தி வேலை போனால் அவன் என்ன செய்வான்? அவனுக்கு வேற ஒண்டும் தெரியாது."

கையில் இருந்த சட்டைத் துண்டை மடித்தாள், விரித்தாள், திரும்ப மடித்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. என் குணம் அது. ஒருத்தி தவிப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் ஏலாது. ஏதாவது செய்தாக வேண்டும், அது பிழையாக இருந்தாலும்.

"அட்டை எங்க இருக்கு?"

"லாச்சியில."

"பூட்டி இருக்கோ?"

"இல்லை. அப்பா தொடவேண்டாம் எண்டால் எங்கட வீட்டில ஒருத்தரும் தொடமாட்டினம்."

"அப்ப அம்மாவைத் தொடச் சொல்லு. எடுத்துக்கொண்டு போய்ப் போட்டிட்டு வரட்டும். ஒவ்வொரு முறையும் அவதானே போடுறவ."

லான் சட்டைத் துண்டை மேசையில் வைத்தாள்.

"ஒரு கடதாசியடி," என்றேன். "கடதாசிக்காக உன்ர தம்பியின்ர வேலை போகவோ? அப்பா வந்து சத்தம் போட்டால் போடட்டும். ரெண்டு நாள் கதைக்கமாட்டார். பேந்து சரியாயிடும்."

அவள் அம்மாவுக்குத் திரும்ப எடுத்தாள். வீடியோவில் அம்மாவின் முகம் தெரிந்தது. சின்ன முகம், நரைத்த தலை. லான் சொல்லச் சொல்ல அம்மா தலையை ஆட்டி மறுத்தா. லான் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "ஏலாதாம்."

அப்போது நான் ஒன்று சொன்னேன். இதை எழுதவேண்டாம் என்று இரண்டு நாள் யோசித்தேன். எழுதாவிட்டால் இந்தக் கதையையே எழுதக்கூடாது.

"அண்டைக்குக் கூட்டத்தில பிள்ளைக்கு எதிராக் கை தூக்கினவதானே? இண்டைக்கு அதே கையால ஒரு நல்ல காரியம் செய்யச் சொல்லு."

லான் என்னையே பார்த்தாள். பிறகு, அதைச் சொன்னாள். அப்படியே சொன்னாளா, கொஞ்சம் பதமாகச் சொன்னாளா எனக்குத் தெரியாது. அந்தப் பாஷையில் எனக்கு 'வாங்' மட்டும்தான் தெரியும். அம்மாவின் முகம் திரையிலிருந்து விலகியது. லாச்சி இழுபடுகிற சத்தம் கேட்டது.

வெம்பிளியிலிருந்து வந்த சட்டை

பதினொன்றரைக்கு ஒரு வாடிக்கையாளர் வந்தார். வெம்பிளியிலிருந்து இரண்டு ரயில் மாறி வந்தவர், தமிழ்நாட்டுப் பெண்மணி, மகளின் நிச்சயதார்த்தத்துக்குச் சட்டை. போட்டுப் பார்த்துவிட்டு, "கழுத்து இன்னும் அரை இஞ்ச் எறக்கணும்ங்க" என்றார்.

லான் குண்டூசியோடு குனிந்தாள். ஊசி அவருடைய தோளில் குத்தியது.

"என்னாச்சு, பொண்ணுக்கு உடம்பு சரியில்லையா?"

"ஓம், கொஞ்சம் காய்ச்சல்," என்று சொல்லி, ஊசியை நான் வாங்கினேன். என் கண் மணிக்கூட்டிலேயே இருந்தது. எத்தனை ஊசி குத்தினேன், எங்கே குத்தினேன் என்று கேட்டால் தெரியாது. அந்தச் சட்டையைப் பிறகு நான் முழுக்கப் பிரித்துத் தைக்க வேண்டி வந்தது.

அவர் போய் இரண்டு நிமிஷத்தில் லானின் போன் கிணுங்கியது. ஒரு படம். சிவப்புப் பெட்டி, பக்கத்தில் பூச்சாடி, பின்னால் கொடி. பெட்டிக்கு முன்னால் அம்மா, கையில் அட்டையோடு. கீழே தலைவி எழுதியிருந்தா, 'உங்கள் வீடு முழுமையாகிவிட்டது மகளே. நன்றி.'

லான் துணி வெட்டுகிற மேசையில் தலையைக் கவிழ்த்தாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. நான் கேத்திலைப் போட்டேன். எனக்குள் ஒரு பெருமை இருந்தது, பொய் சொல்லமாட்டேன். ஐயாயிரம் மைலுக்கு அப்பால் ஒரு குடும்பத்தைக் காப்பாற்றிவிட்டேன் என்ற பெருமை. "பாத்தியே, நான் சொன்னனானே" என்றும் சொன்னேன்.

துவானுக்கு வேலை திரும்பக் கிடைத்தது. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீங்கள் அதையே நினைத்துக்கொண்டு மிச்சத்தை வாசிப்பீர்கள். அந்த வியாழக்கிழமையே வகுப்புக்குப் போனான். தலைவி சொன்ன சொல்லைக் காப்பாற்றினா.

வெள்ளைச் சட்டை

பன்னிரண்டு தாண்டி ஐந்து நிமிஷம் இருக்கும். அம்மா எடுத்தா. வாக்குச்சாவடிக்குப் பின்பக்கத்தில் நின்று, வாயைக் கையால் மூடிக்கொண்டு கதைத்தா. லான் கேட்டுக் கேட்டு எனக்குச் சொன்னாள். இடையில் இரண்டு தரம் சொல்வதை நிறுத்தினாள். நான்தான் சொல்லு, சொல்லு என்று துரத்தினேன்.

அம்மா வாக்கைப் போட்டதும் தலைவி அவவைக் கதிரையில் இருத்தித் தேத்தண்ணி கொடுத்திருக்கிறா. முடிய இன்னும் பத்து நிமிஷம். எல்லாருக்கும் சந்தோசம். அப்போது வாசலால் அப்பா வந்திருக்கிறார். வெள்ளைச் சட்டை, அழுத்திப் போட்டது. தலை வாரியிருக்கிறார். நேரே மேசைக்குப் போய், "நான் வாக்குப் போட வந்திருக்கிறன்" என்றாராம்.

அவராகத்தான் வந்திருக்கிறார். தேத்தண்ணிக் கடையில் இருந்து யோசித்து, மகனுக்காக மனதை மடித்துக்கொண்டு, வீட்டுக்கு வந்து சட்டை மாற்றியிருக்கிறார். லாச்சியில் அட்டை இல்லை. மனுசி தனக்காக எடுத்துவைத்திருப்பாள், அங்கே வாங்கிக்கொள்ளலாம், தெருவில் தன்னைத் தெரியாதவர் யார் என்று வந்துவிட்டார்.

மேசையில் இருந்த பெடியன் பட்டியலைப் பார்த்துவிட்டு, "ஐயா, உங்கட பேருக்கு அடையாளம் போட்டிருக்கே" என்றான். தெரு கண்டுகொள்ளாமல் விடுகிற காரியம்தான், ஆனால் ஒரு மனுசன் எல்லாருக்கும் முன்னால் வந்து 'நான் போடவில்லை' என்று சொன்னால், கண்டுகொள்ளத்தானே வேண்டும். அப்படியென்றால் போட்டது யார்?

அப்பா திரும்பினார். கதிரையில் தேத்தண்ணிக் கோப்பையோடு அம்மா. ஒரு நிமிஷம் அவவைப் பார்த்துக்கொண்டே நின்றாராம்.

பிறகு அப்பா சிரித்தார். நெற்றியில் தட்டிக்கொண்டார். "ஓமோம், காலமை வந்து போட்டனான். வயசு போட்டுது பாருங்கோ, மறந்திட்டன்" என்றார்.

எல்லாரும் சிரித்தார்களாம். தலைவிதான் முதலில் சிரித்தாவாம். ஒரு ஆள், தாத்தா நாளைக்கும் ஒருக்கா வருவார் போல என்று பகிடி விட்டான். அப்பா அதற்கும் சிரித்துவிட்டு, அம்மாவின் கையைப் பிடித்து எழுப்பிக்கொண்டு வெளியே வந்தார். வெளியே வந்ததும் கையை விட்டுவிட்டு முன்னால் நடந்து போய்விட்டார்.

எனக்கு வெட்கமாக இருந்தது. இதைவிட வேறு சொல் தேடினேன், கிடைக்கவில்லை. ஒரு முக்கால் மணித்தியாலம் என் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் அந்த மனுசன் தன் காலால் நடந்து வந்து, தன் கையால் போட்டுவிட்டு, தலை நிமிர்ந்து வீட்டுக்குப் போயிருப்பார். மகனுக்காகத் தோற்றார் என்றாவது இருந்திருக்கும்.

"நான் சொன்னதாலதான் லான்," என்றேன்.

"போன் எடுத்தது நான்தானே அக்கா," என்றாள். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.

அப்பாவின் போன்

ஒரு மணிக்கு அப்பா எடுத்தார். தானாக ஒருபோதும் எடுக்கிறவர் இல்லை. லான் போனை நூல்கட்டைப் பெட்டியில் நிறுத்தினாள். வெள்ளைச் சட்டையைக் கழற்றிவிட்டுப் பனியனோடு இருந்தார். மெலிந்த மனுசன். முதலில் சாப்பிட்டியா என்று கேட்டார். குளிர் எப்படி என்று கேட்டார். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். நானும் ஆட்டினேன். என்னால் அவருடைய கண்ணைப் பார்க்க முடியவில்லை.

பிறகு லானுக்கு ஏதோ சொன்னார். லான் "வாங்" என்றாள். திரும்பவும் சொன்னார். திரும்பவும் "வாங்".

"என்னவாம்?" என்று மெல்லக் கேட்டேன்.

"தான் போட்டிட்டாராம். நீ ஒண்டுக்கும் யோசிக்காதை, துவானுக்கு இனிப் பிரச்சினை இல்லை எண்டு சொல்லுறார். தன்ர கையாலதான் போட்டவராம்."

அம்மா ஏற்கெனவே எல்லாவற்றையும் சொல்லிவிட்டா என்பது அவருக்குத் தெரியாது. லானும் சொல்லவில்லை. "நல்லது அப்பா" என்று மட்டும் சொன்னாளாம். ஐம்பது வயதை நெருங்குகிற பெண், எனக்கு முன்னால் பள்ளிக்கூடப் பிள்ளை போலக் கைகட்டிக்கொண்டு நின்றாள்.

அவர் போனை மேசையில் வைத்துவிட்டார். நிறுத்தத் தெரியாமலா, மறந்தா, தெரியாது. திரையில் அவர்கள் வீட்டுக் கூரையும் ஒரு டியூப் லைட்டும் மட்டும் தெரிந்தன. லான் சிவப்புப் பொத்தானை அமத்தப் போனாள். அப்போது அவருடைய குரல் கேட்டது. தணிந்த குரல், அம்மாவோடு. லானின் விரல் அப்படியே நின்றுவிட்டது.

"என்ன கேக்கிறார்?" என்றேன்.

லான் டியூப் லைட்டைப் பார்த்தபடியே சொன்னாள்.

"அம்மாவிட்ட, 'நான் ஆரை வெட்டினனான்' எண்டு கேக்கிறார்."

அம்மாவின் குரல் இரண்டு பெயரைச் சொன்னது. சீட்டில் கடைசியில் இருந்த இரண்டு பேராம். நாளைக்குத் தெருவில் யாராவது கேட்டால் சொல்லவேண்டுமே. அப்பா அந்த இரண்டு பெயரையும் திருப்பிச் சொன்னார். ஒன்றைப் பிழையாகச் சொன்னார். அம்மா திருத்தினா. இன்னொரு தரம் சொன்னார், மெதுவாக, பாடமாக்குகிற மாதிரி. இந்த முறை இரண்டும் சரி என்று லான் சொன்னாள்.